மண்டூரில் உள்ளங்கை அளவு முகங்கள்

குருமண்வெளித் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு வரக் காத்திருந்து, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றபடி மட்டக்களப்பு வாவியைக் கடந்தேன். அக்கரை மண்டூர். வாவியின் கிழக்கே எழுவான்கரையில் வளர்ந்த எனக்கு, மேற்கே இருக்கும் படுவான்கரை எப்போதும் விருந்துக்குப் போகிற ஊர்தான்.

முருகனைக் கும்பிட்டுவிட்டு நண்பனின் பெத்தா, அதாவது பாட்டி, வீட்டுக்குப் போனேன். வயலும் மாடுமாக வாழ்ந்த பழைய போடியார், அதாவது நிலக்காரர், குடும்பம். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் பெத்தா றங்குப்பெட்டியைத் திறந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பித்தளைச் சட்டம் போட்ட ஆறு முகங்கள். ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவுதான்.

"கவனமாப் புடி மனே."

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேல் கையால் வர்ணம் தீட்டியவை அவை. உதட்டில் மெல்லிய சிவப்பு, அட்டியலில் பொன் நிறம், போடியாரின் கடுக்கனில் ஒரேயொரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியை வைத்த கையை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

லண்டனில் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் ஹோல்பைன் என்ற ஓவியர் 1536 அளவில் வரைந்த ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. விட்டம் 5 சென்ரிமீற்றர் சொச்சம். கன்றுத்தோலில் நீர்வர்ணத்தால் வரைந்து, சீட்டாட்ட அட்டையில் ஒட்டியிருப்பார்கள். பிரபு வீடுகளில் இப்படிச் சின்னப் படங்களைக் கழுத்தில் அணிந்தார்கள், திருமணம் பேசும்போது அனுப்பினார்கள். 1700க்குப் பிறகு தோலின் இடத்தை யானைத் தந்தம் பிடித்தது. 1839இல் புகைப்படம் வந்ததும் அந்தத் தொழில் மெல்லச் சரிய, ஓவியர்கள் பலர் புகைப்படத்துக்கு வர்ணம் பூசப் போனார்கள். அந்த நுணுக்கத்தின் ஒரு சொட்டு வாவி தாண்டி இங்கே வந்திருப்பதாகவே எனக்குப் பட்டது.

ஆனால் இங்கே வரிசை வேறு. அங்கே படம் தகப்பனின் பட்டத்தோடு மகனுக்குப் போகும். எங்கள் பக்கம் குடி என்கிற வம்சம் தாய்வழி. வீடு மகளுக்குச் சீதனம். பெத்தா படங்களை அடுக்கியபோது பெண்கள் நடுவில் வந்தார்கள். தலைப்பாகை கட்டிய போடியாரை ஓரத்தில் வைத்தார். "இவர் இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளதானே."

1978 நவம்பர் 23 சூறாவளி இரவில் கூரை போய்விட்டதாம். சுவரில் மாட்டியிருந்த பெரிய படங்கள் மழையில் ஊறி அழிந்தன. இவற்றை மட்டும் பெத்தா சேலைத் தலைப்பில் முடிந்து, மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்திருக்கிறார். சின்னதாக இருந்ததால் தப்பின.

ஒன்றில் மட்டும் தண்ணீர் புகுந்துவிட்டது. முகம் கரைந்து, பொன் அட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"இது ஆர் பெத்தா?"

"எங்கட அம்மாட அம்மா. என்னப் போலதான் இருப்பாவாம்."

அட்டியல் மட்டும் தெரிந்த அந்தச் சட்டத்தை அவர் கழுத்தருகே பிடித்தேன். பேத்தி எட்டிப் பார்த்து, "ஓம், அப்படியேதான்" என்றாள்.