முதல் வசனம் ஒரே ஒரு சொல்

2014 ஆடி மாதம், சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் நான் முதன்முதலாகப் பேசிய டப்பிங் வசனம் "ஐயையோ". அவ்வளவுதான். இந்தியிலிருந்து தமிழுக்கு வந்துகொண்டிருந்த ஒரு சீரியலில் சந்தை தீப்பிடிக்கிற காட்சி, கூட்டமாகக் கத்துவதற்கு ஏழெட்டுப் பேர் வேண்டும், அதில் ஒருத்தி நான். கிரவுட் என்பார்கள் இதை. கோவில்பட்டியிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, பகலில் அம்பத்தூரில் கால் சென்டர் வேலை, "உங்க குரல் நல்லா இருக்கு மேடம்" என்று போனில் யார் யாரோ சொல்லக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஆசையே வந்தது.

உயிரைக் கொடுத்துக் கத்தினேன். கன்சோல் அறையிலிருந்து சவுண்ட் இன்ஜினியர், "யாரோ ஒருத்தர் மட்டும் தனியா கேக்குது, ஏதோ கிணுகிணுன்னும் வருது" என்றார். இரண்டும் நான்தான். பக்கத்தில் நின்ற அக்கா, இருபது வருடமாக டப்பிங் பேசுகிறவர், எதுவும் சொல்லாமல் என் கையைப் பிடித்து வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் பைக்குள் போட்டார். அரை அடி பின்னால் இழுத்து நிறுத்தினார். அப்புறம் காதருகே வந்து, "நீ கத்துறத விட்டுட்டு மத்தவங்க கத்துறதக் கேளும்மா, அதுக்குள்ள போய் உன்னோடத வை" என்றார். அடுத்த டேக் ஓகே ஆனது.

போன மாதம் ராஜபாளையத்திலிருந்து ஒரு பெண் மூன்று நிமிடக் குரல் பதிவு ஒன்றை அனுப்பி, "அக்கா, என் குரல் இதுக்கு சரியா வருமா?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு எழுத ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவாக நீண்டுவிட்டது. பத்து வருடத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், இந்தத் தொழிலுக்குள் நுழைய வேண்டியது தொண்டை அல்ல, காது. குரல் நன்றாக இருக்கிறவர்கள் வடபழனியிலிருந்து வளசரவாக்கம் வரை தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். டைரக்டர் "கொஞ்சம் கோபத்தைக் குறைங்க, ஆனா வருத்தம் அப்படியே இருக்கட்டும்" என்றால் அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று காதால் பிடிக்கிறவர்கள் குறைவு. அவர்களைத்தான் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

நடிகர் விக்ரம் பெரிய கதாநாயகன் ஆவதற்கு முன் மற்ற நாயகர்களுக்குக் குரல் கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியும். 1994இல் வந்த காதலன் படத்தில் பிரபுதேவாவுக்குப் பேசியது அவர்தான். சின்ன வயதில் அந்தப் படத்தை டிவியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒரு இடத்தில்கூட இது வேறு ஆள் குரல் என்று எனக்குத் தோன்றவில்லை. எதிரே திரையில் இருக்கிறவர் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லில் தயங்குகிறார் என்று கேட்டுக் கேட்டு அதற்குள் போய் உட்கார்ந்தால்தான் அப்படி வரும்.

லிப் சிங்க், அதாவது திரையில் தெரிகிற வாயசைவோடு நம் பேச்சைப் பொருத்துவது, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் இதில்தான் பயப்படுகிறார்கள். எல்லா எழுத்தும் வாயோடு ஒட்ட வேண்டும் என்று நினைக்காதீர்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு முக்கியமாகத் தெரிவது உதடு மூடுகிற இடம். தமிழில் ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டும், வ-வுக்குக் கீழுதடு மேல்பல்லைத் தொடும், உ, ஒ வரிசைக்கு உதடு குவியும். உதடு ஒட்டாமலும் குவியாமலும் படிக்கும்படி நிரோட்டகம் என்று ஒரு செய்யுள் வகையே நம் பழைய புலவர்கள் வைத்திருந்தார்கள், டப்பிங் வசனம் எழுதுகிறவர் அந்தப் புலவர்களுக்குச் சொந்தக்காரர் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன். இந்தியில் "மத் ஜாவோ" என்று முதல் எழுத்திலேயே உதடு மூடினால், தமிழில் "போகாதே" என்று எழுதினால் பொருந்தும், "நில்லு" என்றால் வாய் மூடியிருக்கும்போது சத்தம் திறந்து வரும், பார்க்கிறவருக்கு ஏதோ இடிக்கும். வீட்டில் இதைப் பழகலாம். ஏதாவது ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, உதடு ஒட்டும்போதெல்லாம் தொடையில் தட்டுங்கள், வேறெதுவும் வேண்டாம். நான் ஆறு மாதம் இதைத்தான் செய்தேன். 91 பஸ்ஸிலோ ரயிலிலோ போகும்போது எதிரே பேசுகிறவர்களைப் பார்த்தும் செய்திருக்கிறேன்.

பழைய கலைஞர்கள் சொல்லிக் கேட்டால் இப்போது எவ்வளவு எளிது என்று புரியும். ஃபிலிம் காலத்தில் காட்சியை லூப் லூப்பாக வெட்டி, ஒரே துண்டு திரும்பத் திரும்பத் திரையில் ஓடுமாம், நாலு பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பேச வேண்டும், ஒருவர் பிசகினால் நாலு பேரும் மறுபடி முதலிலிருந்து. இப்போது ஒவ்வொருவர் குரலுக்கும் தனித்தனி டிராக், ஒரு சொல் தவறினால் அந்த இடத்தை மட்டும் மறுபடி பேசிச் சேர்த்துவிடலாம், பஞ்ச் பண்ணுவது என்பார்கள். அதனால் வேகம் கூடியிருக்கிறது, கேட்கிற பழக்கம் குறைந்திருக்கிறது.

என் பெரிய சிக்கல் ழகரம். எங்கள் பக்கம் மழை மளைதான், வாழைப்பழம் வாளப்பளம்தான். முதல் வாய்ஸ் டெஸ்டில் இதற்காகவே என்னைத் திருப்பி அனுப்பினார்கள், அது நியாயம், நான் வருத்தப்படவில்லை. அம்மா சின்ன வயதில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று சொன்னாலே முகம் மாறும். "ஹமீது பேசுறதக் கேளு, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா விழும்" என்று அவர் சொன்னதால் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்டேன். நாக்கை மடிப்பதைவிட, நான் சொல்வது ளகரமாக விழுகிறது என்று என் காதுக்கே தெரிய வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தினமும் ஒரு தலையங்கத்தை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்வேன், அன்றைக்கே கேட்க மாட்டேன், மறுநாள் காலையில்தான் கேட்பேன். ஒரு ராத்திரி கழிந்தால் நம் குரல் வேறு யாரோ பேசுவது போல் கேட்கும், தவறு பளிச்சென்று தெரியும். ஆனால் ஊர்ப் பேச்சைத் தொலைத்துவிடாதீர்கள். நான்கு வருடம் கழித்து ஒரு வெப் சீரிஸில் நெல்லைப் பக்கத்து ஆச்சிக்குப் பேச ஆள் தேடியபோது, அந்த வாய்ப்பு கோவில்பட்டிப் பேச்சால்தான் எனக்கு வந்தது.

மாதிரிப் பதிவு அனுப்பும்போது ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். பின்னணி இசை வேண்டாம். நடிகர்கள் குரலைப் போலச் செய்து அனுப்பாதீர்கள், மிமிக்ரி தனிக் கலை, எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு, ஆனால் கேட்கிறவர் தேடுவது உங்கள் சொந்தக் குரலை. முதல் பத்து நொடி சாதாரணமாகப் பேசுவது போல் இருக்கட்டும்.

வீட்டில் பதிவு செய்ய விலையுயர்ந்த மைக் முதலில் தேவையில்லை, அமைதியான மூலை தேவை. நான் துணி பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு எதிரே மைக்கை வைத்து, முதுகுக்குப் பின்னால் ரஜாயை, பஞ்சு வைத்த கனத்த போர்வையை, தொங்கவிட்டுத்தான் இரண்டு வருடம் ஓட்டினேன். சென்னை மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார வேண்டும், இருபது நிமிடத்துக்கு மேல் முடியாது. காக்காய், குக்கர் விசில், தண்ணி லாரி எல்லாவற்றுக்கும் நேரம் தெரிந்துவிடும், அதிகாலை நாலிலிருந்து ஐந்தரை வரைதான் எங்கள் தெரு அமைதி. ஒலிப்புத்தகத்துக்குப் பேசினால் பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே கேட்பார்கள், வீடியோ வேலை என்றால் பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைல், இவையெல்லாம் பதிவு செய்கிற மென்பொருளில் வைக்கிற அளவுகள்தான். பட்டுத் துணி, மொடமொடக்கிற கஞ்சிச் சேலை எதுவும் உடுத்தக் கூடாது, பருத்தி போதும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், வயிறு இரைவதும் மைக்கில் விழும்.

வேலை எங்கே என்றால், சினிமா ஒரு மூலைதான். கார்ட்டூன், டப்பிங் சீரியல், விளம்பரம், பாடக் காணொளி, வங்கியின் தானியங்கிக் குரல், ஒலிக்கதைச் செயலிகள், வானொலி நாடகம். அகில இந்திய வானொலியில் நாடகக் கலைஞர்களுக்குக் குரல் தேர்வு வைத்துத் தரம் கொடுப்பார்கள், அறிவிப்பு வந்தால் விடாதீர்கள், பணத்துக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பயிற்சிக்காக. சினிமாவுக்கு டப்பிங் கலைஞர்கள் சங்கத்தின் உறுப்பினர் கார்டு பற்றிப் பேச்சு வரும், சேர்வதற்கான தொகையை நேரே சங்கத்தில் கேளுங்கள், இடையில் "நான் வாங்கித் தர்றேன்" என்கிற யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

பணம் என்றதும் ஒன்று. ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, ஸ்டுடியோ, எந்தப் புராஜெக்ட், எத்தனை மணி நேரம், கூப்பிட்டது யார், பேசிய தொகை. எனக்கு ஒரு இடத்தில் பதினொரு மாதம் பேமென்ட் வரவில்லை, நோட்டு இருந்ததால்தான் வாங்க முடிந்தது.

அடுத்தது இன்னும் முக்கியம். இரண்டு வருடம் முன்பு ஒரு நிறுவனம் இருபது மணி நேரப் பதிவு கேட்டது. நல்ல தொகை, தொடர்பில்லாத வாக்கியங்களாக ஆயிரக்கணக்கில். ஒப்பந்தத்தின் ஆறாவது பக்கத்தில் "தற்போதுள்ள, இனி வரப்போகும் எந்தத் தொழில்நுட்பத்திலும்" என் குரலை என்றைக்கும் பயன்படுத்தலாம் என்றிருந்தது. அந்த வரியை எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை, வந்துவிட்டேன். 2024இல் ஏ.ஆர்.ரஹ்மான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் ஒரு பாடலில் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். இறந்தவர் குரலுக்கே கேட்டு வாங்க வேண்டும் என்றால், உயிரோடு இருக்கிற நம்மிடம் ஆறாவது பக்கத்தில் ஒளித்து வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள், புரியாவிட்டால் மூத்தவர்களிடம் காட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ராஜபாளையத்துப் பெண்ணின் பதிவுக்கு வருகிறேன். குரல் இனிமைதான், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் புஸ்ஸென்று மூச்சு இழுக்கிற சத்தம், அது அவளுக்குக் கேட்டிருக்கவே இல்லை. அதை நான் சொல்லாமல், "உன் பதிவை நாளைக் காலையில் ஹெட்போனில் கேட்டுவிட்டு மறுபடி பேசி அனுப்பும்மா" என்று மட்டும் எழுதினேன். இரண்டாவதில் பாதி போயிருந்தது. நேற்று மூன்றாவது வந்தது, எங்கே மூச்சு எடுத்தாள் என்று நான் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. வருகிற வாரம் சென்னையில் சித்தி வீட்டுக்கு வருகிறாளாம். வியாழக்கிழமை ஒரு கார்ட்டூனுக்குக் கிரவுட் இருக்கிறது, காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வா, வளையல் போட்டுக்கொண்டு வராதே என்றும்.