பட்டணங்காத்தானுக்கு அப்பால்

இராமநாதபுரம் நான்கு பக்கமும் ஒரே சீராக விரியவில்லை. ஆட்சியர் அலுவலகம் இருக்கும் பட்டணங்காத்தானைத் தாண்டி, இராமேசுவரம் சாலையையும் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் பிடித்துக்கொண்டே நீள்கிறது. நகருக்குள் மனை வாங்க வசதியில்லாதவர்களும், வளைகுடாச் சம்பளத்தை மண்ணில் போட்டுவைக்க நினைப்பவர்களும் சாலையோரத்தைத் தேட, மழை பொய்த்த மானாவாரிப் புஞ்சைக்காரர்கள் விற்கத் துணிகிறார்கள். சீமைக்கருவேலத்தை அகற்றி, செம்மண் பரப்பி, எல்லைக்கல் நட்டால் ஒரு 'நகர்' பிறந்துவிடும் (பெயரில் மட்டும் பசுமைக்குக் குறைவிருக்காது). 20.10.2016 வரை விற்ற அங்கீகாரமற்ற மனைகளைச் சட்டப்படி முறைப்படுத்திக்கொள்ள 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. குடிநீர்க் குழாய் அவ்வளவு விரைவாக வருவதில்லை. என் அக்காள் குடியேறிய மனைப்பிரிவில் இன்றுவரை மூன்றே வீடுகள். ஆழ்துளைக் கிணற்றில் உவர்நீர் வருவதால், தினமும் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பழைய ஊரின் ஊருணிக்கே போய் வருகிறார்.