பாக்கெட் மாவுப் பஞ்சாயத்து

விருதுநகரில் அம்மா, அண்ணன், அண்ணி. தாம்பரத்தில் நான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அம்மாவிடமிருந்து போன் வந்தால் அது அண்ணி விஷயம்தான். போன மாதம் பாக்கெட் மாவு. "கிரைண்டர் சும்மா கிடக்கு. கடை மாவுல இட்லி ஊத்தி வைக்கிறா, நெஞ்சைக் கரிக்குதுடி" என்று அம்மா அழ, நான் உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் அண்ணியிடம் கத்தினான். வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு வரும் அண்ணிக்கு மாவாட்ட ஏது நேரம்? சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் காலை அம்மா என்னிடம், "மனசு ஆறாம உன்கிட்ட சொன்னா, அதை ஏண்டி அவன்கிட்ட போய்ச் சொன்ன? பாவம், அவ ராத்திரி பட்டினி."

ஆக, அழுத அம்மா அண்ணிக்குப் பரிந்து பேசுகிறவராகிவிட்டார். காப்பாற்றப் போன நான் வில்லி.

அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டீபன் கார்ப்மேன் 1968இல் இதை ஒரு முக்கோணமாக வரைந்துவிட்டார். பாதிக்கப்பட்டவர், வாட்டுகிறவர், காப்பாற்றுகிறவர் என்று மூன்று மூலைகள். யாரும் தொடங்கிய மூலையிலேயே நிற்பதில்லை. இடம் மாறுவதில்தான் நாடகமே.

இதில் காப்பாற்றுகிற மூலையிலிருந்து வெளியே வருவதுதான் ஆகக் கஷ்டம் என்பேன். வாட்டுகிறவருக்கு ஊர் வசவாவது கிடைக்கும். இவருக்கோ "தங்கமான பொண்ணு" என்று பேர், எதற்கு விடப்போகிறார்? கட்டிக்கொடுத்த மகளுக்கு நம் வீடுகளில் இந்த மூலையைப் பட்டா போட்டே கொடுத்திருக்கிறார்கள். யாரும் கேட்காமல் போய் நிற்பது, அவர்களே பேசிக்கொள்ளக்கூடியதை நாம் பேசுவது, பிறகு "இவ்வளவு செஞ்சேனே" என்று எரிவது. மூன்றும் இருந்தால் அங்கேதான் நிற்கிறோம்.

அக்கறையை விட வேண்டாம், அடுத்தவர் பிரச்சினையை நாமே தீர்த்துவைப்பதை விட்டால் போதும் என்பது இந்த முக்கோணத்துக்கு மாற்று வரைந்த ஏசி சோய் என்பவர் 1990இல் காட்டிய வழி. சொல்ல சுலபம். அடுத்த முறை அம்மா பேசி முடித்ததும், "சரிம்மா, நான் ஏதாவது செய்யணுமா, சும்மா கேட்டுக்கிட்டா போதுமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "உனக்கு முன்ன மாதிரி பாசம் இல்லடி." அண்ணனைக் கூப்பிடக் கை பரபரத்தது. கூப்பிடவில்லை. சில நாள் கழித்து, புளித்த மாவு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவே அண்ணியிடம் சொன்னாராம். சண்டை வந்ததாம். வரட்டும், அது அவர்கள் இரண்டு பேர் சண்டை.

அடி, உதை, வரதட்சணைக் கொடுமை நடக்கும் வீட்டில் இந்தக் கணக்கெல்லாம் போடக் கூடாது. அங்கே பாதிக்கப்பட்டவர் நிஜமாகவே பாதிக்கப்பட்டவர். யோசிக்காமல் பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் காலியான மூலை அதிக நாள் காலியாக இல்லை. அம்மா இப்போது சித்தியைக் கூப்பிடுகிறார். சித்தி அண்ணனைக் கூப்பிடுகிறார்.