ஜாக்கி பார்க்கரின் ஓட்டத்தை அட்டையில் அளந்து பார்த்தேன்

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் கனடா ஃபுட்பாலில் நான் மிகவும் மதிக்கும் குவாட்டர்பேக், அதாவது அணியின் தாக்குதலை நடத்திச் செல்பவர், ஜாக்கி பார்க்கர். அவர் ஆடிய முக்கிய ஆட்டங்களை, ஆட்டத்துக்கு ஓர் அட்டையாக, அளவு மாதிரியில் செய்துவருகிறேன். முதல் அட்டை இந்த வாரம் முடிந்தது.

எடுத்துக்கொண்டது 1954 நவம்பர் 27 அன்று டொராண்டோ வார்சிட்டி அரங்கில் நடந்த, கனடா ஃபுட்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் கிரே கோப்பை இறுதி ஆட்டம். மாண்ட்ரியால் 25–20 என்று முன்னிலையில் இருந்த கடைசி நிமிடங்களில், அந்த அணியின் சக் ஹன்சிங்கரின் கையிலிருந்து நழுவிய பந்தை எட்மன்டனின் பார்க்கர் எடுத்துக்கொண்டு மறுமுனை வரை ஓடிவிட்டார். இப்படிப் பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் டச்டவுனுக்கு அப்போது 5 புள்ளிகளே என்பதால் ஆட்டம் சமநிலைக்குத்தான் வந்தது. பாப் டீன் உதைத்துச் சேர்த்த ஒரு புள்ளிதான் 26–25 என்று கோப்பையைப் பெற்றுத் தந்தது.

அந்த ஓட்டத்தை 90 யார்டு என்று குறிப்பார்கள். யார்டுக்கு 5 மில்லிமீட்டர் என்ற கணக்கில், பழக்கத்தால் அமெரிக்க மைதானத்தின் 100 யார்டு நீளத்தை வரைந்துவிட்டு, 45 சென்டிமீட்டர் பச்சை நூலை ஒட்டிய பிறகே தவறு தெரிந்தது. கனடா மைதானம் 110 யார்டு நீளமும் 65 யார்டு அகலமும் கொண்டது. புதிய அட்டையில் வரைந்தபோது, நூலின் தொடக்கம் 10 யார்டு கோட்டிலிருந்து 20 யார்டு கோட்டுக்கு நகர்ந்தது. மூன்று முயற்சிகளில் 10 யார்டு முன்னேறுவதற்கே அணிகள் திணறும் ஆட்டத்தில், அத்தகைய ஒன்பது இடைவெளிகளை ஒரே நூல் கடந்து கிடப்பதைக் கண்ட பிறகுதான் அந்த ஓட்டத்தின் நீளம் எனக்கு உறைத்தது.

அன்று எட்மன்டனின் குவாட்டர்பேக் பெர்னி ஃபலோனி என்பதால், ஆட்டக்காரர்களைக் குறிக்க நான் வைக்கும் சிறு மணிகளில் பார்க்கரின் 91ஆம் எண் மணியை, பந்தை ஏந்தி ஓடும் ஹாஃப்பேக் இடத்தில் வைத்தேன். 1956 இறுதி ஆட்டத்திலும் பின்னாளில் ஆல்பர்ட்டாவின் முதல்வரான டான் கெட்டி குவாட்டர்பேக்காக நிற்க, பார்க்கர் ஹாஃப்பேக்காகவே ஆடினார். எட்மன்டன் 50–27 என்று வென்றது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடியவர் என்பதே அவருடைய தனிப்பெருமை என்று நினைக்கிறேன். தலைசிறந்த ஆட்டக்காரருக்கான ஷென்லி விருதை 1957, 1958, 1960 என மூன்று முறை பெற்றவர் அவர்.

1956 அட்டையில் கோடுகள் காய்ந்துவிட்டன. மணிகள் இன்னும் வைக்கவில்லை. 1963இல் பார்க்கர் என்ற ஒருவரை மட்டும் டொராண்டோ அணிக்குக் கொடுத்து, எட்மன்டன் ஐந்து ஆட்டக்காரர்களையும் 15,000 டாலரையும் பெற்றுக்கொண்டது. அதற்கான அட்டையில் ஒருபுறம் அந்த 91ஆம் எண் மணியும் மறுபுறம் ஐந்து மணிகளும் இருக்கும்.