பேக்கப்பில் இல்லாதவை

சிவகாசியில் நான் பக்க வடிவமைப்பு பார்க்கும் சிறிய அச்சகத்தில் 2012ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோ ஒன்று இன்றும் ஓடுகிறது. ஆப்பிள் அதற்கு அதிகாரபூர்வமாகத் தந்த கடைசி இயங்குதளம் கேட்டலினா. ஆப்பிள் கைவிட்ட பழைய மேக்குகளில் புதிய இயங்குதளத்தை ஏற்ற உதவும் ஓபன்கோர் லெகசி பேட்ச்சர் என்ற மென்பொருளைக் கொண்டு, அதில் கேட்டலினாவுக்குப் பின் வந்த மான்டெரேயை ஏற்றியவன் நான்தான். கையோடு மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினையும் அமைத்துவிட்டு, இனி டிஸ்க் போனாலும் கவலையில்லை என்று முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தேன்.

காலண்டர் வேலை நெருக்கிய ஒரு புரட்டாசியில் டிஸ்க் போயிற்று. அடிமூடியின் பத்துத் திருகுகளைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டுவது எளிய வேலை. அதற்குப் பிறகுதான் என் பேச்சின் ஓட்டை தெரிந்தது. கேட்டலினாவுக்கு அடுத்த பதிப்பான பிக் சர் வந்ததிலிருந்து இயங்குதளம் முத்திரையிட்ட தனிப் பகுதியில் இருக்கிறது. டைம் மெஷின் அதைத் தொடாமல் நம்முடைய தரவுகளை மட்டும் எடுத்துவைக்கிறது. மான்டெரேயில் ஆப்பிள் கைவிட்ட இந்த மேக்கின் திரைக்காட்சியை இயக்கும் எச்டி 4000 கிராபிக்ஸ் டிரைவரைப் பேட்ச்சர் திரும்ப வைத்திருந்ததோ, முத்திரையை உடைத்து அந்தப் பகுதிக்குள்ளேதான். கணினியைத் தொடக்கிவைக்கும் ஓபன்கோர் இருந்தது பழைய டிஸ்கின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சிறு தொடக்கப் பகுதியில். இரண்டுமே பேக்கப்பில் கிடையாது. கேட்டலினாவுக்குத் திரும்பிவிடலாம் என்றால், மான்டெரேயில் எடுத்த பேக்கப்பை அது ஏற்காது.

இன்ஸ்டாலர் வைத்திருந்த 16 ஜிபி பென்டிரைவையாவது விட்டுவைத்திருக்கலாம். அச்சு பிளேட் போட பிடிஎஃப் கொண்டுபோகும் அவசரத்தில், ஒரு மாதத்துக்கு முன் அதை ஃபார்மட் செய்திருந்தேன்.

"எல்லாம் பேக்கப்ல இருக்குன்னு சொன்னியேப்பா?" என்றார் அண்ணாச்சி. கோபமில்லாமல் கேட்டதுதான் கூடுதலாகச் சுட்டது.

நண்பரின் மேக்கில் இன்ஸ்டாலரை மறுபடி உருவாக்கினேன். அங்கே பேட்ச்சரின் அமைப்புகளில் மாடலை எங்கள் மேக்கின் மேக்புக்ப்ரோ9,2 என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அது தான் ஓடுகிற கணினிக்கே ஓபன்கோரைத் தயாரித்துவிடும். மான்டெரே ஏறியதும் அடுத்த பிழையைச் செய்தேன். கிராபிக்ஸ் இல்லாமல் சுட்டி இழுபடுவதைப் பொறுக்க முடியாமல், தரவை மீட்பதற்கு முன்பே அந்தக் கிராபிக்ஸ் டிரைவரைத் திரும்ப வைக்கும் பேட்ச்சைப் போட்டேன். பேக்கப்பிலிருந்து தரவை இறக்கும் மைக்ரேஷன் அசிஸ்டென்ட் கடைசிக் கட்டத்தில் நின்றுபோய், விடியும்வரை அசையவில்லை. மறுநாள் டிஸ்கை அழித்து மீண்டும் நிறுவி, முதல் அமைப்புத் திரையிலேயே பேக்கப்பைக் காட்டித் தரவை முழுமையாக இறக்கிய பிறகே பேட்ச் போட்டேன். ஓபன்கோரைப் புதிய டிஸ்கின் ஈஎஃப்ஐ பகுதியில் எழுதிவிட்டுப் பென்டிரைவைப் பிடுங்கி ஒருமுறை தொடக்கிப் பார்த்தேன். முதலில் தேடியது பழைய தமிழ் எழுத்துருக்களைத்தான், எல்லாம் இருந்தன. ஒரு கோவில் காலண்டரின் பாதி முடிந்த கார்த்திகைப் பக்கமும், விட்ட இடத்திலேயே, திறந்தது.

பென்டிரைவின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, மேக்கின் மாடல் எண்ணை எழுதி, ரசீது புத்தகங்கள் இருக்கும் மேசை இழுப்பறையில் போட்டேன். தை பிறப்பதற்குள் பிளேட்டுக்காக அண்ணாச்சி அதைக் கேட்டுவிட்டார். என் சொந்தப் பென்டிரைவை எடுத்துக் கொடுத்தேன்.