கதவு மூடும்வரை சம்பளம் இல்லை

வட கரோலினாவின் கேரி நகரில் வசிக்கிறோம். பிள்ளைகள் இருவரும் தாங்களாகவே பள்ளிப் பேருந்தில் ஏறும் வயது வந்ததும் அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றில் கேபின் பணியாளராகச் சேர்ந்தேன். நம்மவர்களைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, சம்பளம் எவ்வளவு? அடுத்தது, எந்தெந்த ஊர் பார்த்தாய்? தெரிந்தவர் மகள் ஒருத்தி இதே வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லி விவரம் கேட்டாள். அவளிடம் சொன்னவற்றைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதில் ஒரு மணி நேரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது தெரியாமல் யாரும் சேரக்கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

பயிற்சி ஆறேழு வாரம். தங்குமிடமும் சாப்பாடும் நிறுவனத்தின் செலவு. கையில் சிறிய தொகை கிடைத்தது. காபி ஊற்றக் கற்றுக்கொடுப்பது மிகக் கொஞ்சம். தீயணைப்பு, முதலுதவி, அவசரக் கதவுகள், சறுக்குப் பாதை, தொண்டை கிழியக் கத்த வேண்டிய கட்டளைகள் என்றே நாள்கள் போகும். ஒரு புதிய வகை விமானத்துக்கு அனுமதி கிடைக்க வேண்டுமென்றால், பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 நொடிகளில் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டியாக வேண்டும். 50 இருக்கைக்கு ஒரு பணியாளர் என்ற விதியும் பாதுகாப்பை வைத்து வந்ததுதான். முடிவில் அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் சான்றிதழ் வந்தது. என் பெயர் அச்சிட்ட அந்த அட்டையை அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

சான்றிதழைவிட முக்கியமான ஒன்றும் அப்போதே கைக்கு வந்துவிடுகிறது: பணிமூப்பு எண். எந்த ஊரை மையமாக வைத்துப் பறப்பது, எந்தப் பயணம் கிடைக்கும், தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியுமா என்பதையெல்லாம் இந்த எண்தான் முடிவு செய்கிறது. ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் யார் மூத்தவர் என்பதைப் பல நிறுவனங்கள் வயதை வைத்துத் தீர்மானிக்கின்றன. சில, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி இலக்கங்களை வைத்து. எங்கள் நிறுவனத்தில் வயதுதான் கணக்கு. இருபதுகளில் இருந்த பிள்ளைகள் நடுவே, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த நான் வகுப்பின் மேல்வரிசையில் இருந்தேன். ஆனால் மொத்தப் பட்டியலில் எங்கள் வகுப்பே கடைசி.

இந்த எண்ணை இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துப் போக முடியாது. ஓரிடத்தில் இருபது ஆண்டு பறந்தவரும் வேறிடத்தில் சேர்ந்தால் கடைசியில் நிற்க வேண்டியதுதான். 2001இல் டி.டபிள்யூ.ஏ. என்ற விமான நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, டி.டபிள்யூ.ஏ. கேபின் பணியாளர்கள் எல்லோரும் புதிய பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்து வந்த ஆட்குறைப்பில் அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வேலை இழந்தார்கள். நிறுவனங்கள் இணையும்போது பட்டியல்களை நியாயமாகக் கலக்க வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்ததற்கு அந்த அநியாயமே காரணம். பட்டியலைப் பற்றி மூத்தவர்கள் பேசும்போது குரல் ஏன் இறுகுகிறது என்று இதைப் படித்த பிறகு எனக்குப் புரிந்தது.

பயிற்சியின் கடைசி வாரங்களில் பேஸ், அதாவது பயணங்கள் தொடங்கி முடியும் ஊர், ஒதுக்கீடு நடந்தது. காலியிடம் உள்ள ஊர்களின் பட்டியலைத் தருவார்கள், விருப்ப வரிசையை எழுதிக் கொடுக்க வேண்டும், மூப்புப்படி நிரப்புவார்கள். புதியவர்களுக்குப் பெரும்பாலும் வாடகை அதிகமான ஊர்களே மிஞ்சும், ஏனென்றால் மூத்தவர்கள் அங்கிருந்து மாறிப் போய்க்கொண்டே இருப்பார்கள். எனக்கு நியூயார்க் வந்தது. வீடு இருக்கும் ராலே பக்கம் எங்களுக்குப் பேஸே கிடையாது.

குடும்பத்தைப் பெயர்க்க முடியாது. ஆகவே வேலைக்குப் போவதற்கே விமானம் ஏற வேண்டியிருந்தது. கட்டணம் இல்லை, ஆனால் உறுதியான இருக்கையும் இல்லை. காலியிடம் இருந்தால் ஏறலாம். கோடையில் இடியும் மழையும் வந்து நியூயார்க் வான்வெளி நெரிந்துவிட்டால் எல்லாம் தள்ளிப்போகும். அதனால் காலைப் பணிக்கு முந்தைய மாலையே போய்விடுவேன். இந்த நேரம் எதுவும் யாருடைய கணக்கிலும் சேராது.

நியூயார்க்கில் தங்கிய இடம் குவீன்ஸின் கியூ கார்டன்ஸ். கென்னடி, லகார்டியா விமான நிலையங்களுக்கு நடுவில் இருப்பதால் விமானப் பணியாளர்கள் அங்கே நிறைய. ஒரு வீட்டில் அடுக்குக் கட்டில்கள் போட்டுப் படுக்கைக்கு மாத வாடகை வாங்குவார்கள். கிராஷ்பேட் என்று பெயர். சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் உங்களுக்கென்றே ஒரு படுக்கை. குறைத்துக் கொடுத்தால் அன்றைக்கு எது காலியோ அது. முந்நூறு டாலரை ஒட்டிக் கொடுத்து எனக்கென்று ஒரு கீழ்க்கட்டிலை எடுத்துக்கொண்டேன். களைத்து வந்து பிறர் படுத்த விரிப்பை மாற்றும் தெம்பு எனக்கு இருக்காது என்று தெரியும். இன்றைக்கும் அந்தச் செலவைச் சரி என்றே சொல்வேன்.

இனி ரிசர்வ். மாத அட்டவணை கிடைக்கும் அளவுக்கு மூப்பு வரும்வரை, குறிப்பிட்ட நாள்களில் அழைப்புக்குக் காத்திருப்பதே வேலை. அழைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். சில நாள்களில் சீருடையோடு விமான நிலையத்திலேயே உட்கார வைப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அழைப்பு வரும். எங்கே போகிறோம், எத்தனை நாள் என்பது அப்போதுதான் தெரியும். மியாமியா மினியாபொலிஸா என்று தெரியாததால் கோடைத் துணியும் கம்பளிச் சட்டையும் சேர்ந்தே பெட்டியில் இருக்கும். பிள்ளைகளிடம் எந்த நாளைப் பற்றியும் வாக்குக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டேன். அதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

சம்பளத்துக்கு வருகிறேன். மணிக் கூலிதான், ஆனால் விமானம் வாயிலை விட்டு நகர்ந்ததில் தொடங்கி, போய்ச் சேர்ந்த ஊரில் வாயிலில் நிற்கும்வரை ஓடுவதே மணி. ஒரு மணி நேரம் முன்னதாக வந்து அவசரக் கருவிகளைச் சரிபார்ப்பது, பெட்டிகளுக்கு இடம் தேடித் தருவது, சக்கர நாற்காலியில் வருபவரை அமர்த்துவது, அழும் குழந்தையோடு தனியே வரும் தாய்க்கு உதவுவது, அவசரக் கதவருகே அமர்பவர்களுக்கு விளக்குவது, இவை எல்லாம் நீண்ட காலம் கூலி இல்லாத நேரத்தில் நடந்தவை. என் அனுபவத்தில் ஒரு பயணத்தின் மிகக் கடுமையான நாற்பது நிமிடங்கள் இவைதான்.

ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கிலிருந்து ஆர்லாண்டோ போய் அன்றே திரும்பினால் ஏறத்தாழ ஆறு மணி நேரம் கணக்கில் வரும்; பணியில் இருந்தது ஒன்பது மணி நேரம். இதுவே பாஸ்டன், மீண்டும் நியூயார்க், பிறகு வாஷிங்டன் என்று சின்னச் சின்னப் பயணங்களாக அமைந்தால், பதினொரு மணி நேரம் உழைத்து நான்கு மணி நேரம்தான் ஓடியிருக்கும். அப்போது நிறுவனத்தோடு சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் உள்ள குறைந்தபட்ச நாள் கணக்கு வந்து காப்பாற்றும். எங்களுக்கு அது ஐந்து மணி நேரத்தை ஒட்டி இருந்தது. மாதத்துக்கும் இப்படி ஓர் உத்தரவாதம் உண்டு. பெரிய நிறுவனங்களில் ரிசர்வில் இருப்பவருக்கு அது 75 மணி நேரத்தை ஒட்டி இருக்கும். முதல் ஆண்டில் மணிக்கு 30 டாலர் என்று வைத்தால், வரிக்கு முன் 2,250 டாலர். கிராஷ்பேட் வாடகையும் வெளியே சாப்பிடும் செலவும் இதிலிருந்து போக வேண்டும். உச்சக் கூலியைத் தொடப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் ஆகும்.

பேஸை விட்டு வெளியே இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் படி உண்டு. உள்நாட்டுப் பயணத்தில் மணிக்கு இரண்டரை டாலர் அளவில். இரவு தங்கும் பயணத்தின் படிக்கு வருமான வரி இல்லை, அன்றே திரும்பும் பயணத்தின் படிக்கு உண்டு. சம்பளச் சீட்டில் இந்த இரண்டும் தனித்தனி வரிகளாக வரும். சேர்ந்த புதிதில் ஒவ்வொரு மாதமும் என் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும். விடுபட்ட தொகையைக் கேட்க ஒப்பந்தத்தில் காலவரம்பு இருக்கும்.

மணியைக் கணக்கிடும் முறை சம்பளத்தோடு நிற்பதில்லை. என் கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தபோது குடும்ப மருத்துவ விடுப்புக் கேட்டேன். மற்றத் தொழில்களில் அந்த உரிமைக்கு ஆண்டில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். எங்கள் தாளில் அவ்வளவு மணி ஏறுவது கடினம். முழுநேரமும் உழைத்த விமானப் பணியாளர்கள் பல ஆண்டுகள் இந்த விடுப்பு கிடைக்காமல் இருந்தார்கள். 2009இல் நிறைவேறிய தனிச் சட்டம்தான் அந்த வரம்பை 504 பணி மணியாக மாற்றியது. அதற்காகப் போராடியவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாள்களில் அவர்களை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

பயணிகள் ஏறும் நேரத்துக்கும் கூலி என்பது அண்மையில் வந்த மாற்றம். 2022 ஜூனில் டெல்டா விமான நிறுவனம் பாதிக் கூலி கொடுக்கத் தொடங்கியது. அங்கே கேபின் பணியாளர்களுக்குச் சங்கம் இல்லை. சங்க ஒப்பந்தத்தின் வழியாக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பணியாளர்கள் 2024 செப்டம்பரில் இதைப் பெற்றார்கள். 2019 இறுதியிலேயே திருத்தத்துக்கு வந்த ஒப்பந்தம் அது. இங்கே விமானத் தொழிலாளர்கள் 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டத்துக்குள் வருவதால், அரசின் மத்தியஸ்த வாரியம் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவிக்காமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கனடாவில் 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பத்தாயிரம் கேபின் பணியாளர்கள் வேலையை நிறுத்தியபோது, தரையில் செய்யும் வேலைக்குக் கூலி என்பதே முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று. இந்தக் கூலியால் அதிகம் பயன்பெறுவது இளையவர்கள்தான். நியூயார்க்–டெல்லி போகும் மூத்தவர் ஒரே தடவை பயணிகளை ஏற்றிப் பதினான்கு மணி நேரம் சேர்த்துக்கொள்கிறார். புதியவர் ஒரே நாளில் மூன்று, நான்கு தடவை ஏற்றுகிறார்.

போன ஊரில் இரவு தங்கும் லேஓவர் பற்றி ஆசையோடு கேட்பார்கள். நல்ல லேஓவர் இருக்கிறது, ஆனால் மூப்புள்ளவர்களுக்கே முதலில் போகிறது. ரிசர்வில் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் விமான நிலையத்தை ஒட்டிய விடுதியில் ஓர் இரவு. குறைந்தபட்ச ஓய்வு முன்பு ஒன்பது மணி நேரம், அதையும் எட்டாகக் குறைக்கலாம் என்று இருந்தது. பத்து மணி நேரம் தர வேண்டும் என்று நாடாளுமன்றம் 2018இல் சட்டம் இயற்றியும், விதி வெளிவர 2022 அக்டோபர் ஆனது. விடுதி வண்டிக்குக் காத்திருப்பது, போய்வருவது, சாப்பிடுவது, குளிப்பது எல்லாம் அந்தப் பத்துக்குள்தான். புளியோதரை கட்டிக்கொண்டு போவேன். இரண்டு நாள் கெடாது, நள்ளிரவில் கடை தேட வேண்டாம்.

தமிழ் தெரிவதால் தனிச் சலுகை எதுவும் கிடையாது. அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நேர் விமானமே இல்லை. ஆனால் லண்டன் விமானம் கிடைக்கும் நாள்களில், அங்கே மாறிச் சென்னை போகும் நம் ஊர்ப் பெரியவர்கள் இருப்பார்கள். பேரன் பேத்தியைப் பார்த்துவிட்டுத் தனியே திரும்பும் அம்மா ஒருவர், நான் தமிழில் பேசியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, அங்கே இறங்கி எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டார். எந்த முனையம், எந்தப் பலகை என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இந்த வேலைக்கு ஏன் வந்தேன் என்பதில் அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை.

நியூயார்க்கில் அட்டவணை கிடைக்கும் நிலையை நெருங்கியபோது வாஷிங்டனுக்கு இடமாற்றம் வந்தது. அங்கே இருப்பவர்கள் என்னைவிட மூத்தவர்கள், ஆகவே மீண்டும் ரிசர்வ். யோசித்துத்தான் ஏற்றுக்கொண்டேன். கேரியிலிருந்து காரில் நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். பன்னிரண்டு மணி நேரம் முன்னதாகச் சொல்லும் ரிசர்வும் அங்கே கிடைக்கிறது. அந்த நாள்களில் என் வீட்டிலேயே காத்திருக்கிறேன். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் நேர்காணலுக்கு முன் அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். பல சங்கங்கள் இணையத்தில் வைத்திருக்கின்றன. கூலிப் பட்டியலுக்கு முன்னால் ரிசர்வ் பகுதியைப் படியுங்கள். அதை வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து படியுங்கள்.