திருவான்மியூர் முதல் திருக்கழுக்குன்றம் வரை: சைக்கிளில் ஒரு குடும்ப யாத்திரை

ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை என்றாலே சென்னைக்காரர்களுக்கு ரிசார்ட்டும் கேளிக்கைப் பூங்காவும் ஞாயிற்றுக்கிழமை கார் நெரிசலும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது ஒரு க்ஷேத்திரப் பாதை. அப்பரும் சம்பந்தரும் பாடிய திருவான்மியூர், திருமங்கையாழ்வார் பாடி மங்களாசாசனம் செய்த திருவிடந்தை, பூதத்தாழ்வார் அவதரித்த மாமல்லபுரம், அங்கிருந்து மேற்கே திரும்பினால் தேவார மூவரும் மாணிக்கவாசகரும் என நால்வரும் பாடிய திருக்கழுக்குன்றம். எல்லாம் சேர்த்து சுமார் 65 கிலோமீட்டர். அதைத்தான் நாங்கள் குடும்பத்தோடு சைக்கிளில் போய்ச் சேவித்தோம், வழியில் ஒரு ராத்திரி தங்கி.

யோசனை மாமாவுடையது. என் மாமனாருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இன்றும் ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் அந்தப் பழைய கறுப்பு சைக்கிள்தான். கியர் கிடையாது, பின்னால் அகலமான கேரியர், மிதித்தால் பல்லியைப் போல டைனமோ சத்தம். "பசங்களை கார்ல கூட்டிட்டுப் போனா தூங்கிடுறாங்க. கோயில் வந்ததும் எழுப்பி விடறோம். வழியே தெரியாம என்னம்மா யாத்திரை?" என்றார். மார்கழி, அரையாண்டு விடுமுறை, வெயிலும் குறைவு. சரி, கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். மாமா முன்னால், அவர் பின்னால் பையன், மகள், நான், கடைசியில் என் கணவர். பதினொரு வயதுப் பையன் எந்த வேகத்தில் மிதிக்கிறானோ அதுதான் எல்லோருக்கும் வேகம்.

திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலில் விடியுமுன் திருவெம்பாவை ஒலித்துக்கொண்டிருந்தது. அகத்தியருக்கு மருந்துகளின் குணத்தை உபதேசித்த சுவாமி. மேற்கு பார்த்த சந்நிதி. காமதேனு பால் சொரிந்து வழிபட்டதால் பால்வண்ணநாதர் என்றும் பெயர். மாமாவின் முழங்காலை நினைத்துத்தான் நான் வேண்டிக்கொண்டேன். அவரோ குருக்கள் தந்த விபூதியை நெற்றியில் பூசியது போக, மீதியைச் சைக்கிள் ஹாண்டில்பாரிலும் கொஞ்சம் தடவினார். சுடச்சுட வெண்பொங்கல் தொன்னையில் கிடைத்தது. கிளம்பும்போது இன்னும் இருட்டுதான்.

நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி எல்லாம் விளக்கு வெளிச்சத்திலேயே கடந்தன. முட்டுக்காடு பாலத்தில் ஏறியபோது கிழக்கு வெளுத்து, கழிமுகத்துத் தண்ணீர் முழுக்கச் செம்மை பரவியிருந்தது. மகள் தானாகவே சைக்கிளை ஓரம் கட்டிக் கும்பிட்டாள். நாங்களும் நின்றோம்.

கோவளம் தாண்டியதும் கணவரின் பின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனதும் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் டியூபைப் பிதுக்கி எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடினார். பையன் அவர் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான். கடைச் சுவரில் பெருமாள் படம், அதன் கீழே ஆணியில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் காய்ந்து பழுப்பேறிய மாலை, இதழ் உதிர்ந்து பாதிக்கு மேல் நாராகத் தெரிந்தது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள், காலவ ரிஷியின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராகக் கைத்தலம் பற்றி, கடைசி நாளில் அத்தனை பேரையும் ஒருவராக்கி இடப்பக்கம் ஏந்திக்கொண்டார் என்பது தலவரலாறு. அதனால் கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அங்கே மாலை சாற்றி, பிரசாதமாகக் கிடைக்கும் மாலையைக் கழுத்தில் அணிந்து ஒன்பது முறை வலம் வருவார்கள். மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகத் திரும்ப வந்து சேர்க்க வேண்டும்.

"பொண்ணுக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. தை மாசம் முகூர்த்தம் குறிச்சாச்சு. நீங்க அங்கதானே போறீங்க? ரோகிணி நட்சத்திரம்னு சொல்லுங்க போதும். மாலையைக் கொண்டு வந்து சேர்த்துடறோம்னு பெருமாள்கிட்ட சொல்லிடுங்க" என்றார். சொல்லும்போதும் கை பேட்சைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தது.

திருவிடந்தையில் முதல் அர்ச்சனை அந்த ரோகிணிக்குத்தான். அப்புறம்தான் எங்கள் பெயர்கள். தாயாரை இடது தொடையில் தாங்கி நிற்கும் ஆதிவராகர், கன்னத்தில் அந்தத் திருஷ்டிப் பொட்டு. பட்டர் தீபத்தை உயர்த்திக் காட்டியபோது தாயாரின் முகத்துக்கு அருகே பெருமாளின் முகம் அத்தனை பிரியமாகத் தெரிந்தது. பிரகாரத்தில் இளைஞர்களும் பெண்களும் கழுத்தில் மாலையோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். சிலரோடு அம்மா அப்பாவும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தார்கள். யாரென்றே தெரியாதவர்களுக்காக அவ்வளவு நேரம் நான் வேறெங்கும் வேண்டிக்கொண்டதில்லை.

பட்டிபுலம் தாண்டி சாளுவன்குப்பம். புலிக்குகையைப் பார்க்க வருகிறவர்களில் பலர் சற்று வடக்கே இருக்கும் முருகன் கோயிலைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். 2004 சுனாமி அலை மண்ணை அரித்துக்கொண்டு போனபோது பாறைக் கல்வெட்டுகள் வெளியே வந்தன. அவை இங்கே ஒரு சுப்பிரமணியர் கோயில் இருந்ததாகச் சொல்ல, அதை வைத்துத் தொல்லியல் துறை தோண்டியது. மேலே பல்லவர் காலக் கருங்கல், அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம். சங்க காலத்தைச் சேர்ந்தது என்கிறார்கள். வடக்கு பார்த்த கோயில், முன்னால் கல்லில் வேல். பூஜை இல்லை, தீபம் இல்லை. பையன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வேலின் முன் நின்று கந்த சஷ்டி கவசத்தைத் தனக்குத் தெரிந்த மட்டும் சத்தமாகச் சொன்னான். அத்தனை காலம் மணலுக்கடியில் இருந்த சுவாமி வெளியே வந்திருக்கிறார், அவருக்கு யாராவது நாலு வரி சொல்ல வேண்டாமா?

மாமல்லபுரத்தில் சாப்பிட்டு, விடுதியில் தூங்கி எழுந்து, சாயங்காலம் ஸ்தலசயனப் பெருமாள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சிற்பங்களைத் தேடிப் போக, ஊர் நடுவே இருக்கும், ஆழ்வார்கள் பாடிய இந்த திவ்ய தேசத்தில் கூட்டமே இல்லை. பெருமாளுக்குப் பூச்சூட்ட வேண்டும் என்று, கடலையே கையால் இறைத்து வழி உண்டாக்கப் பார்த்தவர் புண்டரீக மகரிஷி. அவர் பசிக்கு உணவு தேடப் போன நேரத்தில் கிழவர் உருவில் வந்த பெருமாள் தாமே கடலை இறைத்து, பிறகு ஆதிசேஷன் இல்லாமல் வெறும் தரையில் படுத்துக் காட்சி கொடுத்தார். "தரையிலேயேவா?" என்று மகள் மெல்லக் கேட்டாள். மாமா பதில் சொல்லவில்லை. அவர் கண்ணில் நீர் நின்றது.

மறுநாள் அதிகாலை மேற்கே திரும்பினோம். பனைமரங்களுக்கு மேலே திருக்கழுக்குன்றத்து மலை வெகு தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. 500-க்கும் மேற்பட்ட படிகள். மிதித்து வந்த கால்களுக்கு அது லேசான காரியம் இல்லை. மாமா என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். வேதகிரீஸ்வரர் சந்நிதியில் நின்றபோது ஐந்து பேர் மூச்சும் தனித்தனியாகக் கேட்டது.

கழுகுகளுக்கு அமுது வைத்த பாறையைக் காட்டி, சிறு வயதில் பார்த்ததை மாமா பிள்ளைகளுக்குச் சொன்னார். உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கலோடு பண்டாரம் வந்து உட்காருவார், இரண்டு கழுகுகள் இறங்கி வந்து வாங்கிச் சாப்பிட்டுப் போகும். காசியில் நீராடி, இங்கே உண்டு, ராமேஸ்வரம் போய், இரவில் சிதம்பரத்தில் அடையும் என்பது ஐதீகம். இப்போது பல வருடங்களாக வருவதில்லை. கலியின் கொடுமை என்று ஒரு பாட்டி சொன்னார். நாடு முழுக்கப் பாறுக் கழுகுகள் அழிந்ததற்கு, மாடுகளுக்குப் போட்டு, அவை செத்தபின் சடலத்தைத் தின்ற கழுகுகளுக்குள் போன டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து பெரிய காரணம். 2006-ல்தான் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். பாட்டி சொன்னதும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. அந்தப் பறவைகள் இந்தப் பாறைக்குத் திரும்ப வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

கீழே இறங்கித் தாழக்கோயிலில் பக்தவத்சலேஸ்வரரையும் திரிபுரசுந்தரி அம்மனையும் சேவித்தோம். சைக்கிள்களைக் குட்டி யானை என்கிற சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். மார்கழி, தையில் வடகிழக்குக் காற்று வீசும். போகும்போது முதுகில் தள்ளி உதவுகிற அதே காற்று திரும்பும்போது நெஞ்சில் மோதும். பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் திரும்பி வர வண்டிக்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். மதியம் நடை சாத்துவதற்குள் திருவிடந்தையை எட்டிவிடப் பாருங்கள். மலைக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், பாறை சுட ஆரம்பித்தால் வெறுங்காலோடு பிள்ளைகள் தாங்க மாட்டார்கள்.